‘வேண்டாம்’ என்பதற்குப் பிறகு ஒரு புள்ளி

கடலோர ஊர்களுக்கு அறிவிப்பு எழுதி அனுப்புகிற அலுவலர்களுக்கும், அதை வாட்ஸ்அப்பில் பகிர்ந்து மைக்கில் வாசிக்க ஏற்பாடு செய்கிற மீனவர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

தங்கச்சிமடத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தட்டச்சும் உண்டு. மனு, சங்கத் தீர்மானம், கல்யாணப் பத்திரிகை, முதலாண்டு நினைவஞ்சலி என்று பகல் முழுக்கத் தமிழ் எழுத்தோடுதான் என் பிழைப்பு. அப்பா நாட்டுப்படகில் தொழில் பார்க்கிறார். தம்பி விசைப்படகில் போகிறான். உங்கள் அறிவிப்பில் எந்தப் பாதி வந்தாலும் அது எங்கள் வீட்டில் ஒருவருக்கு வந்ததாகத்தான் இருக்கும்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் வந்த அறிவிப்பை அப்படியே கீழே தருகிறேன். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. யார் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பார்கள். இதுதான் இங்கே வழக்கமாகிவிட்ட எழுத்து.

“காற்றின் வேகம் அதிகமாக இருப்பதால் விசைப்படகுகள் கடலுக்குச் செல்ல வேண்டாம் நாளை காலை வரை நாட்டுப்படகுகள் கரையோரமாகத் தொழில் செய்யலாம்”

தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரு புள்ளி கிடையாது, ஒரு கமா கிடையாது.

ஆறரை மணிக்கு மைக்கில் வாசித்த பெரியவர் ‘வரை’ என்ற இடத்தில் மூச்சு விட்டார். ‘விசைப்படகுகள் கடலுக்குச் செல்ல வேண்டாம் நாளை காலை வரை. நாட்டுப்படகுகள் கரையோரமாகத் தொழில் செய்யலாம்.’ கேட்டவர்களுக்கு என்ன புரியும்? விடிந்த பிறகு விசைப்படகு போகலாம். நாட்டுப்படகுக்குத் தடையே இல்லை. எட்டு மணிக்கு வேறு ஒரு பையன் வாசித்தான். அவன் ‘வேண்டாம்’ என்ற இடத்தில் நிறுத்தினான். ‘விசைப்படகுகள் கடலுக்குச் செல்ல வேண்டாம். நாளை காலை வரை நாட்டுப்படகுகள் கரையோரமாகத் தொழில் செய்யலாம்.’ இப்போது விசைப்படகுக்கு எப்போது வரை தடை என்பதே இல்லை. நாட்டுப்படகு விடியும்வரைதான் நிற்கலாம்.

தம்பி முதல் வாசிப்பைக் கேட்டவன். விடிவதற்கு முன்னால் படகில் ஐஸ் ஏற்றி, டீசல் பிடித்து, டோக்கன் வாங்கப் போனார்கள். “இன்னைக்கு டோக்கன் கிடையாது, நேத்தே சொல்லியாச்சே” என்று பதில் வந்தது. விசைப்படகுக்கு இங்கே வாரத்தில் மூன்று நாள்தான் தொழில். அதில் ஒரு நாள் போனது போக, ஏற்றிய ஐஸ் படகிலேயே கரைந்து போனது. அப்பா இரண்டாவது வாசிப்பைக் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போனவர். விடிந்ததும் வலையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்துப் படகுக்காரர்கள் ஆறரை மணி அறிவிப்பைக் கேட்டுப் போனவர்கள், தங்களுக்குத்தான் தடை இல்லையே என்று நின்றுவிட்டார்கள். பத்து மணிக்கு மேல் காற்று ஏறியது. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து, இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து, மத்தியானத்துக்கு மேல் கரை சேர்ந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடலம்மா புண்ணியம் என்று அப்பா சொன்னார்.

அன்றைக்கு வாசித்த இரண்டு பேரும் தப்பாக வாசிக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மறுநாள் கரையில் அந்தப் பெரியவரைத்தான் எல்லோரும் ஏசினார்கள். அவர் என் கடைக்கு வந்து அந்தத் தாளைக் காட்டி, “நீயே சொல்லும்மா, இதுல நான் எங்க நிறுத்தணும்?” என்று கேட்டார். பார்த்தேன். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

‘நாளை காலை வரை’ என்ற அந்த மூன்று சொல்லை மறுபடி பாருங்கள். முன்னால் உள்ளதோடும் ஒட்டுகிறது, பின்னால் உள்ளதோடும் ஒட்டுகிறது. பாட்டில் இப்படி வந்தால் அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. எந்தச் சொல்லை எதோடு கூட்டிப் பொருள் கொள்வது என்பதற்கு நன்னூல் எட்டு வழி சொல்கிறது. அதில் ஒன்று தாப்பிசைப் பொருள்கோள். தாம்பு என்றால் ஊஞ்சல் கயிறு. நடுவில் நிற்கும் சொல் ஊஞ்சல் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் பொருள் தரும். செய்யுளுக்கு அது நயம். படிக்கிறவர் நாலு தடவை படிக்கலாம், உரை பார்க்கலாம், ஆசிரியரைக் கேட்கலாம். கையில் வலையோடு நிற்கிறவருக்கு உரையாசிரியர் யாரும் பக்கத்தில் இல்லை. அவருக்கு வருகிற சொல் ஆடாமல் நிற்க வேண்டும்.

இதைச் சிலரிடம் சொன்னபோது, ‘தமிழ் இரண்டாயிரம் வருடம் புள்ளியும் கமாவும் இல்லாமல்தானே இருந்தது, இப்போது என்ன வந்தது?’ என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். அதற்கு முறையாகப் பதில் சொல்ல வேண்டும்.

உண்மைதான், ஓலையில் நிறுத்தக்குறி கிடையாது. நம் கரையெல்லாம் பனை நிற்கிறதே, அந்தப் பனையோலையில்தான் எழுத்தாணியால் கீறினார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்லியிருந்தும், ஓலையில் அந்தப் புள்ளியைக்கூட விட்டுவிடுவார்கள். எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை பொத்துவிடும். குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி வைப்பதுதான் அப்போது வழக்கம். அது போனால் ‘கொடி’யும் ‘கோடி’யும் ஒரே மாதிரி இருக்கும். தனுஷ்கோடியைத் தனுஷ்கொடி என்றும் படிக்கலாம். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்த பிறகுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது. ஏடுகளைத் தேடி அச்சிட்ட உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் பட்ட பாட்டில் பாதி இதுதான். மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது, உரைக்குள் வருகிற மேற்கோள் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடும்.

அப்படி இருந்தும் ஏன் படிக்க முடிந்தது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. தமிழ் தன் நிறுத்தக்குறிகளைச் சொல்லுக்கு உள்ளேயே வைத்திருந்தது. ‘மீனும் நண்டும் கணவாயும்’ என்று சொன்னால் அந்த ‘உம்’தான் கமா. ‘வந்தானா’ என்றால் கடைசியில் நிற்கிற ‘ஆ’தான் கேள்விக்குறி. ‘வருகிறேன் என்று சொன்னான்’ என்றால் ‘என்று’ என்பதுதான் மேற்கோள் குறியை மூடுகிறது. ‘வந்தான்’, ‘போனார்கள்’ என்று வினைமுற்று வந்துவிட்டால் அதுவே முற்றுப்புள்ளி. பெயரிலேயே முற்று இருக்கிறது பாருங்கள். இந்த உருபுகளும் இடைச்சொற்களும் முழுதாக இருக்கிற வரை குறி இல்லாமலே ஓரளவு ஓட்டலாம்.

இன்றைக்கு அறிவிப்புத் தமிழ் என்ன செய்கிறது? அந்த ‘உம்’மை எல்லாம் உதிர்த்துவிடுகிறது. ‘மீன் நண்டு கணவாய் வியாபாரிகள்’ என்கிறது. உருபைக் கழற்றிவிட்டுப் பெயர்களை வரிசையாக அடுக்குகிறது. பேச்சில் சொல்வதுபோல் நேரத்தையும் இடத்தையும் வினைக்குப் பின்னால் போடுகிறது. சுருக்கம் வேண்டும் என்பதற்காகச் செய்வது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பழைய தமிழ் உள்ளே வைத்திருந்ததை எடுத்துவிட்டு, அச்சுத் தமிழ் வெளியே கொடுத்ததையும் போடாமல் விட்டால் கையில் என்ன மிஞ்சும்? பாய்மரத்தையும் இறக்கிவிட்டு எஞ்சினையும் போடாமல் படகை விட்டது மாதிரிதான்.

வெளியே கொடுத்தது என்றேனே, அதிலும் நம் சீமைக்கு ஒரு பங்கு உண்டு. குறிகள் ஐரோப்பியர்களின் அச்சோடு வந்தவை. அவற்றைத் தமிழ் உரைநடைக்குள் முறையாகப் புழங்க வைத்தவர்களில் முன்னால் நிற்பவர் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). இதே நீரிணைக்கு அந்தக் கரைக்காரர். அவர் திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு அச்சில் கொண்டு வந்தபோது துணை நின்றவர் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர். 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரின் தகப்பனார். பரிமேலழகர் உரையைக் குறியில்லாமல் படித்துப் பாருங்கள், நாவலர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். நம் மண்ணின் பணமும் ஆதரவும் அந்தப் புத்தகத்துக்குப் போயிருக்கிறது. அந்த மண்ணின் அறிவிப்புப் பலகையில் ஒரு முற்றுப்புள்ளி இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குறி என்பது நமக்கு அந்நியமான பழக்கமும் இல்லை. பழைய கணக்கு நோட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. கணக்குப்பிள்ளைகள் இவற்றை விட்டு எழுதவே மாட்டார்கள். பற்று வரவாகவும் வரவு பற்றாகவும் மாறினால் காசு போகும் அல்லவா.

அப்புறம் ‘வரவும்’. இந்த ஒரு சொல்லைப் பற்றி உங்களிடம் தனியாகப் பேச வேண்டும். அறிவிப்புகளில் நீங்கள் அதிகம் எழுதுகிற சொல் இதுவாகத்தான் இருக்கும். ‘படகு உரிமையாளர்கள் அசல் ஆவணங்களுடன் வரவும் ஆய்வு தொடங்கும்’ என்று ஒரு தாள் என் கடைக்கு நகல் எடுக்க வந்தது. நீங்கள் நினைத்தது, ‘தயவுசெய்து வாருங்கள்’. எங்கள் ஊர்ப் பேச்சில் ‘அவன் வரவும் மழை வந்துச்சு’ என்றால் ‘அவன் வந்த உடனே’ என்று பொருள். எழுத்திலும் அது சரியான தமிழ்தான். அதனால் படித்த பலர், உரிமையாளர்கள் எப்போது வந்தாலும் வந்த உடனே ஆய்வு தொடங்கிவிடும் என்று எடுத்துக்கொண்டு அவரவர் வசதிக்குப் போனார்கள். ‘வரவும்’ என்பதற்கு அடுத்து ஒரு முற்றுப்புள்ளி இருந்திருந்தால் இந்தப் பொருள் தலைகாட்டியே இருக்காது. புள்ளி வைக்க மனமில்லை என்றால் ‘வாருங்கள்’ என்று எழுதிவிடுங்கள். அதில் மரியாதையும் குறையாது.

ஊர்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல். பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் வடக்கு, தெற்கு என்று இரண்டு கரை இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறு பக்கம் மன்னார் வளைகுடா. ஒரே ஊர்தான், ஆனால் இரண்டு கடல். அலை வேறு, மீன் வேறு, வலை வேறு. ‘பாம்பன் தெற்கு மண்டபம் வடக்கு வேதாளை பகுதி மீனவர்களுக்கு முகாம்’ என்று எழுதினால், வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் ‘பாம்பன், தெற்கு மண்டபம், வடக்கு வேதாளை’ என்றுதான் பிரிப்பார். அப்படித்தான் ஒரு தடவை பிரித்தும் விட்டார்கள். மண்டபம் தெற்குக்காரர்கள் தங்களுக்கு என்று நினைத்து ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். வடக்குக்காரர்கள் வரவில்லை. ‘பாம்பன் தெற்கு, மண்டபம் வடக்கு, வேதாளை’ என்று இரண்டு கமா போட்டால் தீர்ந்தது. அந்தத் தாளைத் தட்டச்சு செய்தது நான்தான். கமா போட்டுக் கொடுத்தேன். “எழுதியிருக்கிறதை மாத்தாதீங்க, மேலிடத்துல கேப்பாங்க” என்று எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

இதற்கு நேர்மாறாக ஒரு பழக்கமும் இருக்கிறது. ‘அவசரம்!!!!!’ என்று ஐந்து உணர்ச்சிக்குறி, பிறகு வாக்கியத்துக்கு வாக்கியம் ‘........’ என்று புள்ளிக் கோலம். இது சங்கத்துக் குழுக்களில் அதிகம். எல்லா அறிவிப்புக்கும் ஐந்து போட்டால், நிஜமாக அவசரமான அன்றைக்கு எத்தனை போடுவீர்கள்? வரிசைப் புள்ளி ‘இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது’ என்று இழுக்கிற குறி. ‘கடலுக்குச் செல்ல வேண்டாம்.......’ என்று எழுதினால் ஏதோ தயங்குகிற மாதிரி இருக்கிறது. தடை என்றால் ஒரு புள்ளி போதும்.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கள்ளக்கடல் (முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று எழும் பேரலை) எச்சரிக்கை வரும்போது அலையின் உயரம் மீட்டரில் வருகிறது. 2.5 என்பதில் உள்ள அந்தப் புள்ளி பகிரும்போது தொலைந்து ‘2 5 மீட்டர்’ ஆகிவிடுகிறது. அதை ‘ரெண்டு, அஞ்சு மீட்டர்’ என்று வாசித்ததை என் காதால் கேட்டிருக்கிறேன். தடைக்காலத்தை ‘ஏப்ரல் 15 ஜூன் 14’ என்று போடாமல் ‘ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை’ என்று எழுதுங்கள். அந்த 61 நாள் எங்களுக்கு மனப்பாடம், ஆனால் பழக்கம் எல்லா அறிவிப்புக்கும் வர வேண்டும்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் எங்கோ, மூன்று என்றால் நம் துறைமுகத்தையே காற்று தொடலாம், பத்து என்றால் பெரும் அபாயம். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள் எந்த வரிசையில் எரிகின்றன என்பதை வைத்தே எண்ணைச் சொல்லிவிடுவார் என் அப்பா. எழுத்தே படிக்காத என் பாட்டியும் சொல்வார். அங்கே விளக்கை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் மாற்றிப் போடுவதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கரை இது. அந்தக் கூண்டுக்குக் காட்டுகிற கவனத்தை அதே புயலைப் பற்றி எழுதுகிற வாக்கியத்துக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏனென்றால் உங்கள் எழுத்தைக் கண்ணால் படிக்கிறவர்கள் இங்கே குறைவு. பெரும்பாலும் யாரோ ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கிறார்கள். வயதானவர்கள் சிலர் போனையே வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அந்த இயந்திரக் குரல் புள்ளியைப் பார்த்தால்தான் நிற்கும், இல்லாவிட்டால் ஒரே மூச்சில் ஓடிவிடும். கால்புள்ளி, அரைப்புள்ளி, முக்கால்புள்ளி, முற்றுப்புள்ளி என்று நாம் வைத்திருக்கிற பெயர்களே மூச்சை அளக்கிற அளவுகள்தான். மைக் பிடிக்கிறவருக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எழுதுகிறவர் சொல்லி அனுப்புகிற தகவல் அது.

அதனால் அலுவலர்களே, ஒரு வாக்கியத்தில் ஒருவருக்கு மட்டும் சொல்லுங்கள். விசைப்படகுக்குச் சொல்லி முடித்துவிட்டு, புள்ளி வைத்துவிட்டு, அப்புறம் நாட்டுப்படகுக்கு வாருங்கள். நேரத்தை வினைக்கு முன்னால் போடுங்கள். ஊர்களுக்கு நடுவில் கமா போடுங்கள். அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே ஒரு குறி இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு, தட்டச்சு செய்கிறவர் கமா சேர்த்தால் அதைக் குற்றமாக எடுக்காதீர்கள். சங்கத்துக்காரர்களே, நீங்கள் பகிரும்போது வரிகளை வெட்டி ஒட்டுவதில்தான் பல குறிகள் விழுந்துவிடுகின்றன. வந்ததை அப்படியே அனுப்புங்கள். குறி இல்லாமல் வந்தால், அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகு மைக்கைத் தொடுங்கள். அந்தப் பெரியவர் இப்போது சட்டைப் பையில் ஒரு பென்சில் வைத்திருக்கிறார். கோயிலில் வாசகம் வாசிக்கிறவர்கள் செய்வதுபோல், நிறுத்த வேண்டிய இடத்தில் சின்னக் கோடு கிழித்துக்கொண்டுதான் வாசிக்கிறார். சந்தேகம் வந்தால் என் கடைக்கு வந்துவிடுகிறார்.

ஐப்பசி மாத அறிவிப்பு எப்படி இருந்திருக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன்:

“காற்று பலமாக வீசுகிறது. விசைப்படகுகள் மறு அறிவிப்பு வரும் வரை கடலுக்குச் செல்ல வேண்டாம். நாட்டுப்படகுகள் நாளை காலை 6 மணி வரை கரையோரமாகத் தொழில் செய்யலாம். அதற்குள் கரை திரும்பிவிட வேண்டும்.”

நான்கு முற்றுப்புள்ளி, அவ்வளவுதான். தட்டச்சு செய்ய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் அறிவிப்புகளை அனுப்பும் முன் யாராவது ஒருவர் பார்க்க வேண்டும் என்று நினைத்தால் என் கடைக்குக் கொடுத்து அனுப்புங்கள். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை கடை திறந்திருக்கும்; புயல் நாள் என்றால் விடிய விடிய இருப்பேன். கடல் அறிவிப்புக்குக் காசு வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து,
ஒரு மீனவர் வீட்டுப் பெண்.